நமசிவாயம் வீட்டு நீலம்

சைக்கிளின் முன்சில்லு தேசிக்காயில் ஏறியது. பிறகு சைக்கிள் ஒரு பக்கம் போனது, தேசிக்காய் மறுபக்கம் போனது, கஜேந்திரன் இரண்டுக்கும் நடுவே வெள்ளவத்தைப் பிள்ளையார் கோயில் வாசலில் மல்லாந்து கிடந்தான்.

ஐயர் கற்பூரத் தட்டோடு ஓடிவந்தார்.

“காருக்கு வைக்கிற தேசிக்காயைச் சைக்கிளுக்கு வைக்கச் சொல்லி ஆர் தம்பி சொன்னது?”

“சைக்கிளின்ர சொந்தக்காரர், ஐயா.”

“முழங்கையால ரத்தம் வருது, பாரும்.”

கஜேந்திரன் முழங்கையைப் பார்க்கவில்லை. தேங்காய் உடைக்கும் கல்லின் விளிம்பு, சைக்கிளின் மேல்பாரில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு கோடு கிழித்திருந்தது. கோட்டின் அடியில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஐயர் வைத்த சந்தனம் உள்ளே போய்விட்டதாக்கும் என்று நினைத்தான்.

தேசிக்காய் என்ற அந்த எலுமிச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீதியோரம் வரை உருண்டுபோய், ஒரு நசுங்கலும் இல்லாமல், வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அந்த நிலையிலும் அவன் அதை ஒரு கணம் வியந்து பார்த்தான். வியப்பது அவனுடைய பழக்கம். மழை பெய்தாலும் வியப்பான், நின்றாலும் வியப்பான்.

தொழில் வேறு. பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில், அடிபட்ட வாகனங்களின் படங்களைப் பார்த்து, எது பழைய கீறல், எது புதுக் கீறல் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கினான். ஊராரின் கீறல்களை எல்லாம் “இதுவும் ஒரு கீறலா?” என்று தள்ளிவிடுகிறவன். முதல்தடவையாக ஒரு கீறல் அவனை நிமிர்ந்து பார்த்தது.

அந்தச் சைக்கிள் நமசிவாயத்தாருடையது. நமசிவாயத்தார் ஓய்வுபெற்ற நில அளவையாளர். அதைவிட முக்கியம், அவர் சுபோதினியின் அப்பா.

சுபோதினியைக் கலியாணம் செய்ய விரும்புகிறேன் என்று சொல்லத்தான் அன்று காலை அவர் வீட்டுக்குப் போயிருந்தான். சொல்ல நினைத்துப் போன வசனங்களில் பாதியைக்கூட அவர் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய மூன்று கலியாணப் படங்களைக் காட்டினார். மூத்த மகள்மார் மூவரும், மூன்று நாடுகளில் இருக்கும் மூன்று மருமகன்மாரும் அவற்றில் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“எங்கட வீட்டு மருமகன்மார் எல்லாரும் முதல்ல ஒரு கிழமை என்ர சைக்கிள் ஓடினவை. நீரும் கொண்டுபோம். அடுத்த ஞாயிறு கொண்டு வாரும். பிறகு கலியாணத்தைக் கதைப்பம்.”

அவருடைய மனைவி அன்னபாக்கியம் ஒரு கூடை தேசிக்காய் கொண்டுவந்து வைத்தார். நமசிவாயத்தார் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி, அமத்திப் பார்த்தார். கையில் நசிந்ததை எல்லாம் திரும்பக் கூடைக்குள் போட்டார். கடைசியில் நசியாத ஒன்று கிடைத்தது.

“நேர கோயிலுக்குப் போய், இதை முன்சில்லுக்குக் கீழ வச்சு ஏத்தும். எங்கட வழக்கம்.”

கேற்றடியில் சைக்கிள் நின்றது. கஜேந்திரன் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தான். அப்படி ஒரு நீலம். விடியற்காலையில் ரயில்பாதைக்கு அப்பால் தெரியும் கடலின் நிறம். நிழலுக்குள் தள்ளினால் அது மழைக்கு முந்திய கடல். வெயிலுக்குக் கொண்டுவந்தால் மத்தியானக் கடல். ஒரு இரும்புக் குழாய்க்குள் இத்தனை கடல் எப்படி அடங்கியது?

நமசிவாயத்தார் சைக்கிளைப் பார்க்கவில்லை. காலி வீதியில் ஒரு சிவப்பு பஸ் போனது. அது மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிவப்பு நிறத்துக்கு ஒரு கம்பீரம் இருக்கு, என்ன?”

“ஓம், அங்கிள்” என்றான் கஜேந்திரன். மாமனாராக வரப்போகிறவர் எது சொன்னாலும் ஓம் சொல்லும் மனநிலையில் இருந்தான்.

இப்போது அந்தக் கடலில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு கோடு.

முதலில் சுபோதினிக்குப் போன் எடுத்தான். அவள் களனிப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறாள். கிழமை முழுக்க அங்கேதான் தங்குவாள்.

“சுபோ, உங்கட அப்பாவின்ர சைக்கிளைப் பற்றி ஒண்டு கேக்கவேணும்.”

“அதை மட்டும் என்னட்டக் கேளாதேங்கோ, கஜன். அக்காமாரும் அதைப்பற்றி வாய் திறக்கிறேல்லை. அது அப்பாவுக்கும் மருமகன்மாருக்கும் இடையில உள்ள விசயம்.”

ஏதோ ஒரு பழைய ராச்சியத்தின் சட்டத்தைக் கேட்டவன் போல அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கீறலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீட்டில் தங்கை தாரிகா கீறலைப் பார்த்தாள்.

“இதுக்கோ இவ்வளவு முகம்? இந்த நீலத்தில என்னட்ட நெயில் பொலிஷ் இருக்கு, அண்ணா. என்ர சிநேகிதி ஷபீகாவின்ர கலியாணத்துக்குப் போட்டது.”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, கீறலின் நீளத்துக்கு ஒரே இழுவையாக இழுத்தாள். ஈரத்தில் அச்சொட்டாக அதே நீலம். கஜேந்திரன் தங்கையைத் தெய்வம் போலப் பார்த்தான். காய்ந்தபிறகுதான் அதற்குள் மினுக்கம் இருந்தது தெரிந்தது. அறையின் அடுத்த மூலையில் நின்று பார்த்தாலும் கீறல் கண்ணடித்தது.

“வடிவாத்தானே இருக்கு?”

“இது சைக்கிள், தாரிகா. விரல் இல்லை!”

“கத்தாதேங்கோ. ரிமூவரால துடைச்சால் போயிடும்.”

போனது. பொலிஷ் போனது, அதோடு கடலும் போனது. தாரிகாவின் பஞ்சில் நமசிவாயத்தாரின் நீலம் ஒட்டியிருக்க, பாரில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் தெரிந்தது.

“சந்தனம் இவ்வளவு ஆழமாகவோ இறங்கினது?” என்றான் கஜேந்திரன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நமசிவாயத்தார்.

“சைக்கிள் எப்பிடி, தம்பி?”

“சுகமா இருக்கு, அங்கிள்.”

“விழுந்து எழும்பினீரோ?”

“இல்லை, இல்லை!”

“ஒரு கீறல்கூட இல்லையோ?”

“இல்லை, அங்கிள்.”

“வடிவாப் பாத்தீரோ?” அவர் குரல் இறங்கியது. “சரி. நாள் கிடக்குத்தானே.”

நாள் கிடக்கு! இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்பதுதான் அதிசயம்.

மறுநாள் வேலை முடிந்ததும் காலி வீதியில் ஒரு பெயின்ற் கடைக்குப் போனான்.

“மொன நில் த, மல்லி?” என்று முதலாளி கேட்டார். எந்த நீலம், தம்பி?

கஜேந்திரன் கடல் இருந்த பக்கம் கையைக் காட்டினான். முதலாளி பெருமூச்சு விட்டு, நிறங்கள் ஒட்டிய அட்டையை எடுத்து முன்னே விரித்தார். அட்டையில் எத்தனை நீலங்கள்! மயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூட மைக்கு ஒன்று, நெருப்பின் அடிக்கு ஒன்று. உலகம் இத்தனை நீலங்களை வைத்துக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் இருக்கிறதே என்று நெடுநேரம் நின்றான். கடை பூட்டும் நேரம் வந்ததால் முதலாளியே ஒரு டின்னை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பூசும்போது அந்த நீலம் சரியாக இருந்தது. பல்கனியில் காய வைத்தான். வெள்ளவத்தைக் கடற்காற்று தன் வேலையைச் செய்தது. காலையில் பார்த்தபோது நீலம் கறுத்து, கீழ்நோக்கி வழிந்து, நுனிகளில் துளித்துளியாக உறைந்திருந்தது. மணல் ஒட்டியிருந்தது. ஒரு காகத்தின் இறகும் ஒட்டியிருந்தது.

தாரிகா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“நீங்கள் கடல் நிறம் கேட்டனீங்கள். கடற்கரையே வந்திட்டுது, அண்ணா.”

அலுவலகத்தில் பக்கத்து மேசை ஜெனிஸ்டன்தான் வழி சொன்னான்.

“எங்க பீற்றர் அங்கிள்கிட்ட கொண்டு போ, மச்சான். கொட்டாஞ்சேனையில ஓடுற ஓட்டோ எல்லாம் அவர் கையாலதான் பளபளக்குது.”

சனிக்கிழமை காலை, சைக்கிளின் உடம்பு முழுவதையும் தாரிகாவின் பழைய சேலையால் சுற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். சேலையில் ரோசாப்பூக்கள் இருந்தன. சந்தி திரும்பியதும், காலைநடை முடித்து, கையில் பேப்பரோடு நமசிவாயத்தார் எதிரே வந்தார்.

கஜேந்திரன் பிரேக்கைப் பிடித்தான். நமசிவாயத்தார் சேலையைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு விரிந்தது.

“எங்க போறீர் எண்டு நான் கேக்கேல்ல.”

“இல்லை அங்கிள், இது வந்து, வெயில் படாமல்…”

“நல்லது, நல்லது. அவசரப்படவேண்டாம். ஆறுதலாச் செய்யும்.”

சொல்லிவிட்டு, ஏதோ பழைய பாட்டைச் சீட்டியடித்தபடி நடந்து போனார். மகளைத் தரமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்ட ஒருவரால்தான் இவ்வளவு நிம்மதியாகச் சீட்டியடிக்க முடியும். காலி வீதி முழுவதும் கஜேந்திரன் அதையே நினைத்துக்கொண்டு மிதித்தான்.

பீற்றரின் கராஜ் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையின் முடிவில் இருந்தது. பீற்றர் சேலையை அவிழ்த்தார். மணலைப் பார்த்தார், இறகைப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

“யாரு செஞ்ச வேலை தம்பி இது? சின்னப் பிள்ளையா?”

“நான்தான். மாமனாரா வரப்போறவரின்ர சைக்கிள்.”

“பொட்டு வைக்கிற மாதிரி வச்சாச் சரிவராது. முழுசா உரசி, முழுசா அடிக்கணும்.”

சாண்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து அவர் உரசத் தொடங்கினார். நீலம் கரைந்து சேறாக வழிந்தது. அடியில் மஞ்சள் வந்தது. பாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மஞ்சள்.

“அப்ப அது சந்தனம் இல்லை” என்று முணுமுணுத்தான் கஜேந்திரன்.

பீற்றர் இன்னும் உரசினார். மஞ்சளுக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே கறுப்பு. அவருடைய கை தானாக நின்றது. உரசிய இடம் சாய்வாக இறங்கியதால் எல்லா நிறங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக, கரையிட்டுத் தெரிந்தன. நடுவில் கறுப்பு, அதைச் சுற்றிப் பச்சை, அதைச் சுற்றி மஞ்சள், வெளியே அந்த நீலம். இரவும் காடும் வெயிலும் கடலும் ஒரு குழாயின்மேல் அடுக்காகப் படுத்திருந்தன. கஜேந்திரன் குந்தியிருந்து, மூச்சு பட்டால் கலைந்துவிடுமோ என்பதுபோலப் பார்த்தான். இந்தச் சைக்கிள் இவ்வளவு காலமும் தன் பழைய பிறவிகளை எல்லாம் சட்டைக்குள் சட்டையாகப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறது.

“ஐறீன்! இங்க வந்து பாரு!”

பீற்றரின் மனைவி ஐறீன், மீன் வெட்டிய கையோடு வந்தார்.

“யேசுவே! சைக்கிளா இது, வானவில்லா?”

“களவெடுத்த சைக்கிளைத்தான் இப்படி மாத்தி மாத்தி நிறம் அடிப்பாங்க” என்றார் பீற்றர். “உங்க மாமனார் ஆளு எப்படி, தம்பி?”

“நில அளவையாளர்.”

“அப்ப அளந்து பார்த்துத்தான் எடுத்திருப்பாரு.”

“சும்மா இரு மனுஷா. இந்துக்காரங்க கிரகத்துக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க. பச்சை புதன், மஞ்சள் வியாழன், நீலம் சனி.”

“கறுப்பு?”

“கறுப்பு கம்பனியிலயே அடிச்சது.”

பீற்றருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “அப்ப மிச்சம் இருக்கிறது செவ்வாய்! தம்பி, சிவப்பு அடிச்சிருவோம். ஓட்டோவுக்கு எடுத்த சிவப்பு டின் நிறைய இருக்கு. நல்ல பழம் மாதிரிச் சிவப்பு.”

கஜேந்திரன் துள்ளி எழுந்தான். “சிவப்போ! அவர் என்னைக் கொன்றுபோடுவார். எனக்கு அதே நீலம்தான் வேணும். ஒரு பொட்டும் மாறக்கூடாது. என்ர கலியாணமே அதிலதான் இருக்கு.”

“ஒருக்கா யோசிச்சுப் பாருங்க. சிவப்பு நல்லா எடுப்பா இருக்கும்.”

“நீலம், அங்கிள்!”

பீற்றர் மனமில்லாமல் சிவப்பு டின்னை மூடினார். பிறகு ஒரு டின் மூடியில் நீலம் கலக்கத் தொடங்கினார். கலந்தது எல்லாம் மிஞ்சியிருந்த பழைய நீலத்துக்குப் பக்கத்தில் செத்துப்போனது. ஒன்றில் ஊதா அதிகம், ஒன்றில் சாம்பல் அதிகம். மத்தியானம் ஆயிற்று. கஜேந்திரனின் கண்ணில் தண்ணீர் முட்டியது.

வாசலில் நின்ற ஐறீன் மெதுவாகச் சொன்னார். “மாதா சிலையோட முக்காட்டுக்கு அடிச்ச நீலம் மிச்சம் இருக்குத்தானே?”

“அது மாதாவோடது!”

“கலியாணக் காரியம்னா மாதா தரமாட்டாங்களா?”

பீற்றர் உள்ளே போனார். துணியில் சுற்றிய ஒரு சின்ன டின்னைக் கொண்டுவந்தார். அதில் கொஞ்சம் ஊற்றி, ஒரு துளி பச்சை, ஒரு துளி கறுப்பு சேர்த்து, விரலால் தொட்டுப் பழைய நீலத்தின்மேல் வைத்தார். விரலை எடுத்தார். வைத்த இடம் எது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.



பின்னேரம் தகரக் கூரையின் ஓட்டையால் வெயில் ஒரு கம்பியாக இறங்கியது. பீற்றர் சைக்கிளின் உடம்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, துவக்கு போன்ற பெயின்ற் அடிக்கும் கருவியை அழுத்தினார். நீலம் புகையாகப் புறப்பட்டது. வெயிலுக்குள் புகுந்து மினுங்கி, ஒரு கணம் எங்கே போவதென்று யோசிப்பதுபோல மிதந்து, பிறகு இரும்பில் போய்ப் படிந்தது. ஒவ்வொரு வீச்சுக்கும் கறுப்பு மறைந்தது, பச்சை மறைந்தது, மஞ்சள் மறைந்தது. இல்லாமல் போயிருந்த கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. கஜேந்திரன் வாயைத் திறந்தபடி நின்றான். அன்று இரவு பல் தீட்டியபோது துப்பியது நீலமாக இருந்தது. அதையும் வியந்தான்.

ஞாயிறு காலை வேறொரு பயம் வந்தது. நீலம் அச்சொட்டாக அதே நீலம்தான். ஆனால் நேற்றுப் பிறந்த நீலம். தொட்டுப் பார்க்காமலே யாருக்கும் தெரியும். பளபளப்பைக் குறைக்கத் தாரிகா திருநீற்றைப் பூசினாள். அப்போது அது தவத்துக்குப் போன சைக்கிள் போல ஆனது. துடைத்தார்கள். முன்னைவிடப் பளபளத்தது.

நமசிவாயத்தார் கேற்றடியில் காத்துக்கொண்டிருந்தார். பெருநாளுக்கு உடுத்துவதுபோல வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். கஜேந்திரன் சைக்கிளை உருட்டிக்கொண்டு திருப்பத்தில் வந்ததும் எட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“விழேல்லையோ?”

பொய் சொல்லத்தான் கஜேந்திரன் வந்திருந்தான். ஆனால் அந்த நீலத்துக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்ல முடியவில்லை. கோயில், தேசிக்காய், நெயில் பொலிஷ், காக இறகு, மாதாவின் முக்காடு, ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான்.

“முழுக்கவோ அடிச்சனீர்?”

“முழுக்க, அங்கிள்.”

“திரும்பவும் நீலமோ?”

“அதே நீலம். நீங்கள் தந்ததுக்கு ஒரு பொட்டும் மாறேல்லை.”

நமசிவாயத்தார் குனிந்து பாரைத் தடவினார். கையை எடுக்க மனமில்லாமல் இன்னொருதரம் தடவினார்.

“கெட்டிக்காரன்தான்” என்றார். செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல். வாசல் கதிரையில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான் கஜேந்திரன். சுபோதினிக்கு என்ன சொல்வது? கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்னபாக்கியம் தேத்தண்ணியோடு வந்தார். கணவனைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிறகு கஜேந்திரனின் கையில் கோப்பையைத் தந்தார்.

“அவர் கிடக்கட்டும், நீங்கள் குடியுங்கோ தம்பி. மூத்த மருமகன் பச்சை அடிச்சுத் தந்தவர், அடுத்தவர் மஞ்சள், மூண்டாமவர் இந்த நீலம். நாலாவது மருமகனாவது சிவப்பு அடிச்சுத் தருவார் எண்டுதான் மனுசன் கல்லு மாதிரித் தேசிக்காயாப் பார்த்து எடுத்தவர்.”